லூர் ஆடுகிறது, பாஸ் அசையவில்லை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தூண்டிலில் மாட்டும் செயற்கை இரைகளான லூர்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: பார்க்க அழகாக இருக்கும் லூர், தண்ணீரில் போட்டால் பாஸ் என்ற நன்னீர் மீன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பொதுவாக எல்லாருக்கும் பயன்படும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பெட்டியில் முப்பது லூர் இருக்கிறது. மாற்றி மாற்றி வீசியும் ஒரு பாஸ்கூடக் கடிக்கவில்லை. எதைத்தான் நம்புவது?

பதில்: மாற்றுவதை நிறுத்துங்கள், அதுதான் முதல் வேலை. பாஸ் பெரும்பாலும் பதுங்கியிருந்து பாய்கிற மீன். விழுந்து கிடக்கும் மரம், பாசித் திட்டின் ஓரம், பாறை இடுக்கு, படகுத்துறைத் தூணின் நிழல், ஆழம் சட்டென்று மாறும் விளிம்பு, இப்படி ஏதாவது ஒன்றை ஒட்டித்தான் நிற்கும். பக்கத்தில் வரும் இரையைத் தண்ணீரோடு சேர்த்து ஒரே உறிஞ்சாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மீன் நிற்பது மூன்று மீட்டர் ஆழத்தில், லூர் ஓடுவது அரை மீட்டர் ஆழத்தில் என்றால் முப்பது லூரும் வீண்தான்.

எனவே சரிபார்க்க வேண்டிய வரிசை இது: இடம், ஆழம், வேகம், லூரின் அளவு, கடைசியாக நிறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒன்றும் கடிக்கவில்லை என்றதும் பச்சையைக் கழற்றிவிட்டு நீலத்தை மாட்டுவார்கள். ஆழமும் வேகமும் அப்படியே இருக்கும்.

ஆழத்தை அறிய எண்ணிப் பார்ப்பதுதான் எளிய வழி. ஜிக் (எடைத் தலை கொண்ட முள்) அல்லது மூழ்கும் லூரை, ஆழம் தெரிந்த ஓர் இடத்தில் வீசி, ரீலைத் திறந்தே வைத்து, நரம்பு (தூண்டில் இழை) தொய்கிறவரை எண்ணுங்கள். 2 மீட்டர் இறங்க 4 எண்ணிக்கை ஆனால், ஓர் எண்ணிக்கைக்கு அரை மீட்டர். அதன்பிறகு எங்கே வீசினாலும் 3 எண்ணிச் சுற்றுங்கள்; அடுத்த வீச்சில் 5, அடுத்ததில் 7. எந்த எண்ணில் கடி விழுகிறதோ அதுதான் அன்றைய ஆழம். கடி இல்லையென்றால், அதே ஆழத்தில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் லூரை மாற்ற வேண்டும்.

முப்பதில் ஐந்தை வைத்துக்கொண்டு மீதியை வீட்டில் விடலாம்: ஒரு ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடும் முள்ளைச் சுற்றி இழைப் பாவாடையும் உள்ள லூர்), இரண்டு மீட்டர்வரை இறங்கும் ஒரு கிராங்க்பெய்ட் (முன்னால் நாக்குப்போன்ற தகடுள்ள கெட்டி லூர்), 10 கிராம் ஜிக் ஒன்று, ரப்பர் புழு, மேற்பரப்பில் ஓடும் ஏதாவது ஒன்று. பெட்டி நிறைந்திருப்பதற்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. 1932இல் ஜார்ஜ் பெர்ரி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ எடையுள்ள லார்ஜ்மவுத் பாஸைப் பிடித்தபோது, அவரிடமும் நண்பரிடமும் சேர்த்து ஒரே ஒரு லூர்தான் இருந்ததாகச் சொல்வார்கள். அந்தச் சாதனையை 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் சமன்செய்த மனாபு குரிடா லூரையே தொடவில்லை. உயிருள்ள ப்ளூகில் மீனை இரையாக வைத்தார்.

கேள்வி: பாஸ் என்பது கொடுவாதானே? ஏன் வேறு மீன்போல எழுதுகிறீர்கள்?

பதில்: வேறு மீன்தான். கொடுவாவை ஆசியக் கடல் பாஸ் என்று அழைப்பதால் வந்த குழப்பம் இது. இந்தப் பக்கத்தில் பேசுவது வட அமெரிக்க நன்னீர் மீன்களான லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் பாஸ்களைப் பற்றி. கொடுவாவின் குடும்பம் வேறு, இவற்றின் குடும்பம் வேறு. பதுங்கிப் பாயும் குணம் மட்டும் ஒன்றுபோல இருக்கும்.

கேள்வி: புதிதாக வாங்கிய கிராங்க்பெய்ட் நேராக வராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே வந்துவிடுகிறது. வேகமாகச் சுற்றினால் புரண்டே விடுகிறது. குறைபாடுள்ள லூரா?

பதில்: தூக்கி எறிய வேண்டாம். கிராங்க்பெய்டின் நாக்கு தண்ணீரைத் தள்ளுவதால்தான் அது இடமும் வலமும் ஆடுகிறது. நரம்பு கட்டும் வளையம் நட்ட நடுவில் இல்லாவிட்டால் தள்ளு ஒரு பக்கம் கூடிவிடும், லூர் அந்தப் பக்கம் ஓடும். புது லூரிலும் இது சகஜம். பாறையில் அடிபட்ட லூரில் கேட்கவே வேண்டாம்.

வளையத்தைத் தொடுவதற்குமுன் மூன்றைப் பாருங்கள். மும்முள் (மூன்று முனையுள்ள தூண்டில் முள்) ஒன்றோடொன்று சிக்கியிருக்கிறதா? நாக்கில் பாசித் துணுக்கு ஒட்டியிருக்கிறதா, விரிசல் உண்டா? காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா? தண்ணீர் புகுந்த லூரை எத்தனை வளைத்தாலும் நேராகாது.

இவை சரியென்றால் ஊசிமூக்குக் குறடு ஒன்றை எடுங்கள். லூர் உங்களை நோக்கி நீந்தி வருவதுபோல் மூக்கை உங்கள் பக்கம் வைத்துப் பிடியுங்கள். தண்ணீரில் உங்கள் வலப்பக்கம் ஓடியதா? வளையத்தை உங்கள் இடப்பக்கம் வளைக்க வேண்டும். இடப்பக்கம் ஓடியதென்றால் வலப்பக்கம். ஒரு மில்லிமீட்டர்கூடத் தேவையில்லை. குறடு அசைந்ததா என்று சந்தேகம் வரும் அளவு போதும். வளைக்க மட்டுமே வேண்டும், திருகக் கூடாது. திருகினால் வளையம் தளர்ந்து அந்தத் துளை வழியாகத் தண்ணீர் ஏறும். பிறகு இரண்டு மீட்டர் நரம்பை மட்டும் விட்டு, ராடு நுனியால் லூரைப் பக்கத்திலேயே இழுத்துப் பாருங்கள், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. வேகத்தில் நேராக வந்தால்தான் வேலை முடிந்தது. பெரும்பாலும் இரண்டு மூன்று முறை திருத்த வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணம் முடிச்சு. வளையத்தில் ஸ்பிளிட் ரிங் (சாவி வளையம் போன்ற சிறு வளையம்) இல்லாத லூரில் முடிச்சை இறுக்கமாகப் போட்டால், அது ஒரு பக்கம் வழுகிப்போய் லூரைச் சாய்க்கும். சிறிய ஸ்னாப் (திறந்து மூடும் கொக்கி) ஒன்று மாட்டுங்கள், அல்லது இறுகாத கண்ணி முடிச்சுப் போடுங்கள். ஸ்னாப் என்றதும் பெரிய சுழலியும் எஃகுக் கம்பியும் சேர்த்து மாட்டிவிட வேண்டாம். அந்த எடை சிறிய லூரின் ஆட்டத்தைக் கொன்றுவிடும். மும்முள்ளை ஓர் அளவு பெரிதாக மாற்றினாலும் இதே கதிதான்.

கேள்வி: அட்டையில் 4 மீட்டர் இறங்கும் என்று போட்டிருக்கிறது. ஏரியின் தரையைத் தொட்டதே இல்லை. ஏமாற்றா?

பதில்: அந்த எண் பொய்யல்ல, ஆனால் நிபந்தனையோடு கூடியது. நீண்ட வீச்சு, மெல்லிய நரம்பு இரண்டும் இருந்தால் கிடைக்கும் அதிகபட்ச ஆழம் அது. கிராங்க்பெய்ட் விழுந்த இடத்திலேயே செங்குத்தாக இறங்குவதில்லை. சரிவாக இறங்கி, நடுவழியில் சிறிது தூரம் முழு ஆழத்தில் ஓடி, உங்களை நெருங்கும்போது ஏறிவிடும். 15 மீட்டர் வீசினால் இறங்கி முடிப்பதற்குள் ஏற வேண்டிய நேரம் வந்துவிடுகிறது. குறைந்தது 30 மீட்டர் வீசப் பழகுங்கள். மீன் நிற்கும் இடத்தைத் தாண்டி வீசுங்கள், இடத்தின்மேலேயே அல்ல.

நரம்பும் முக்கியம். தடித்த நரம்பைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். 20 பவுண்டு எடை தாங்கும் நரம்பில் ஓடும் லூர், 10 பவுண்டு நரம்பில் ஓடுவதைவிடக் கணிசமாக மேலேதான் ஓடும். ஃபுளோரோகார்பன் நரம்பின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. அது மூழ்கும் என்பதால் இறங்கும் லூருக்கு ஏற்றது. அதே காரணத்தால் மேற்பரப்பு லூருக்கு ஆகாது. மூக்கைக் கீழே இழுத்துவிடும். பாப்பர் லூர் 'பொளக்' என்று சத்தம் போடாமல் முங்குகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கும் இதுதான் பதில்: மோனோ (ஒற்றை நைலான் இழை) அல்லது பிரெய்ட் (பின்னிய இழை) நரம்புக்கு மாறுங்கள்.

வேகமாகச் சுற்றினால் இன்னும் ஆழம் போகும் என்பது தவறான எண்ணம். ஓர் அளவுக்குமேல் வேகம் கூட்டினால் லூர் நிலைகுலையும், ஆழம் கூடாது. ராடு நுனியைத் தண்ணீரை ஒட்டி வைத்து, ஒரே சீராகச் சுற்றுங்கள். பல் விகிதம் 5க்கு 1 அளவில் இருக்கும் ரீல் இதற்குச் சுகம்.

3 மீட்டர் ஆழமுள்ள இடத்துக்கு 4 மீட்டர் லூரை எடுப்பதுதான் சரியான தேர்வு. நாக்கு தரையை உழுது, கல்லில் மோதி, சட்டென்று திசை மாறும் அந்த நொடியில்தான் கடி அதிகம் விழும். எதையும் தொடாமல் நடுத்தண்ணீரில் ஓடிவரும் கிராங்க்பெய்ட், பாஸுக்குப் பெரும்பாலும் ஓர் உப்புச்சப்பில்லாத காட்சி.

கேள்வி: ரப்பர் புழுவை மாட்டினால் கொத்து தெரிகிறது. சுண்டி இழுத்தால் வெறும் புழு வருகிறது, சில நேரம் வாலில்லாத புழு. முள் சரியில்லையா?

பதில்: வாலில்லாமல் வந்தால், கொத்தியது பெரும்பாலும் பாஸே அல்ல. 'டிக் டிக் டிக்' என்று விடாமல் கொத்துவது சின்ன மீன். பாஸ் உறிஞ்சும்போது ஒரே ஒரு 'டொக்', அல்லது நரம்பு சும்மா ஒரு பக்கமாக நகரும், அல்லது இருந்த எடை திடீரென்று காணாமல் போகும். சின்ன மீன் தொல்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

பாஸ்தான் என்றால் மாட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். டெக்சாஸ் முறையில் முள் முனை ரப்பருக்குள் மறைந்திருக்கும். பாசியில் சிக்காது என்பது லாபம், பதிய வேண்டுமானால் ரப்பரைக் கிழித்து வெளியே வர வேண்டும் என்பது நஷ்டம். மாட்டும் வரிசை: முதலில் துப்பாக்கிக் குண்டு வடிவ எடையை, கூர் முனை ராடு பக்கம் இருக்கும்படி, நரம்பில் கோர்த்துக்கொள்ளுங்கள், 5 முதல் 10 கிராம். அடுத்து முள்ளைக் கட்டுங்கள், 15 செ.மீ. புழுவுக்கு 3/0 அளவு முள், 18 செ.மீ. புழுவுக்கு 4/0. முள் முனையைப் புழுவின் தலை நடுவில் அரை செ.மீ. செருகிப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் கண் தலையைத் தொடும்வரை இழுத்து, அரைச் சுற்றுத் திருப்புங்கள். இப்போது முள்ளைப் புழுவின்மேல் படுக்கவைத்துப் பார்த்து, வளைவின் அடி எங்கே படுகிறதோ அந்த இடத்தை நகத்தால் குறியுங்கள். அங்கே செங்குத்தாகக் குத்தி மறுபக்கம் எடுத்து, முனையை ரப்பரின் தோலுக்குள் மட்டும் லேசாகச் செருகுங்கள்.

குறி தவறினால் புழு வளைந்தோ இழுபட்டோ நிற்கும். வளைந்த புழு தண்ணீரில் பம்பரமாகச் சுற்றும், நரம்பை முறுக்கும், எந்த மீனும் சீண்டாது. முனை ரப்பரின் நடுவிலேயே புதைந்திருந்தால் நீங்கள் சுண்டுவது ரப்பரைத்தான், மீனின் வாயை அல்ல. தடித்த ரப்பருக்கு அகல வாய் முள் வேண்டும். வளைவுக்கும் முனைக்கும் நடுவே ரப்பர் பிதுங்கிப்போக இடம் இல்லாவிட்டால் முள் இருந்தும் இல்லாததுபோல்தான்.

கூர்மையை நகத்தில் பாருங்கள். முனையை நகத்தின்மேல் சாய்த்து மெல்ல இழுத்தால் பிடித்து நிற்க வேண்டும்; வழுக்கினால் தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். தரையில் உரசும் முள் ஒரு நாளிலேயே மழுங்கும்.

சுண்டுவதிலும் பிழை நடக்கும். தொய்வோடு சுண்டினால் விசை முழுவதையும் நரம்பே தின்றுவிடும். 'டொக்' தெரிந்ததும் ராடைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, அதன்பிறகு ஒரே வீச்சில் மேலே இழுங்கள். மோனோ நரம்பு நீளும் குணமுள்ளது. 25 மீட்டர் தள்ளி இருக்கும் மீனிடம் விசை சரியாகப் போய்ச் சேராது. இந்த முறைக்கு ஃபுளோரோகார்பன் அல்லது பிரெய்டும், நுனி மட்டும் வளையும் கெட்டியான ராடும் வேண்டும். மும்முள் லூருக்கு இதற்கு நேர்மாறு: அங்கே நடுவரை வளையும் மெத்தென்ற ராடுதான் நல்லது. கெட்டி ராடால் சுண்டினால் சின்ன முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி: எந்த நிறம் நல்லது? கடையில் ஒரே லூர் இருபது நிறத்தில் கிடைக்கிறது.

பதில்: பாஸின் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் இரண்டே வகை, ஒன்று பச்சைக்கு, மற்றொன்று சிவப்புக்கு. சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறியும். கருப்பையும் கருநீலத்தையும், வெள்ளையையும் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளையும் பிரித்தறியத் தடுமாறும். ஆகவே அந்த இருபதில் பலவும் அதற்கு ஒன்றே. தெளிந்த நீருக்கு உள்ளூர்ச் சின்ன மீனை ஒத்த மங்கல் நிறம் ஒன்று, கலங்கிய நீருக்குக் கருப்பு ஒன்று, எலுமிச்சை மஞ்சள் ஒன்று: மூன்று போதும். கலங்கிய நீரில் நிறத்தைவிட அதிர்வு உதவும். உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோட்டால் பாஸ் அதை உணரும். அகன்ற தகடுள்ள ஸ்பின்னர்பெய்டை அங்கே எடுங்கள். ஆழத்தில் முதலில் மங்குவது சிவப்பு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேட்டரியில் தானே நீந்தும், விளக்கு மின்னும் லூர் விளம்பரத்தில் வருகிறது. வாங்கலாமா?

பதில்: குளியல் தொட்டிக்கு நல்ல பொம்மை. ஒரே தாளத்தில், ஒரே வேகத்தில் வால் ஆட்டிக்கொண்டே இருக்கும். இரை மீன் அப்படி நீந்துவதில்லை. நிற்கும், திடுக்கிடும், ஓடும். நல்ல லூரில் அந்த மாறுதலை உங்கள் கை தருகிறது, இதில் அதற்கு இடமில்லை. பேட்டரி எடையால் வீச்சும் இறக்கமும் கெடும், மூடி கசிந்தால் அன்றோடு முடிந்தது. விளக்குள்ள லூருக்குச் சில இடங்களில் தடை உண்டு, விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தவளை லூரைப் பாசிமேல் இழுத்தால் பாஸ் வெடித்து எழுகிறது. பத்தில் எட்டு முறை முள் பதிவதில்லை.

பதில்: வெடிப்பைப் பார்த்ததும் கை தானாகச் சுண்டிவிடுகிறது, அதுதான் பிரச்சினை. பாஸ் பாசியைக் கிழித்துக்கொண்டு அடிக்கிறது. பல நேரம் முதல் அடியில் தவளை வாய்க்குள் போயிருக்காது. கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். ராடு நுனியைத் தாழ்த்தி, ஒன்று, இரண்டு எண்ணி, எடை தெரிந்தால் மட்டும் பலமாக இழுங்கள். எடை தெரியாவிட்டால் தவளையை அங்கேயே சிறிது துடிக்க விடுங்கள். மீண்டும் அடிக்கவில்லையா? எடையில்லாத ரப்பர் புழு மாட்டிய இன்னொரு ராடு தயாராக இருந்தால் அதே ஓட்டையில் உடனே போடுங்கள். நன்றாக வேலை செய்யும்.

தவளையிலும் சில திருத்தங்கள் தேவை. புதுத் தவளையின் உடல் விறைப்பாக இருக்கும். வாய்க்குள் அமுங்காவிட்டால் முதுகோடு படிந்திருக்கும் இரட்டை முள் வெளியே வராது. வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் போட்டுப் பிசையுங்கள். குறடால் இரண்டு முனைகளையும் ஒரு துளி வெளிப்பக்கமாக விரியுங்கள்; அதிகம் விரித்தால் பாசியை அள்ளும். உள்ளே ஏறிய தண்ணீரை நாலைந்து வீச்சுக்கு ஒரு முறை பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து ஆட்டம் போய்விடும். நரம்பு 50 முதல் 65 பவுண்டு பிரெய்ட். இதில் சிக்கனம் பார்த்தால் மீன் பாசிக்குள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி: ஸ்பின்னர்பெய்டின் பாவாடையை மட்டும் கடித்துவிட்டுப் போகிறது.

பதில்: முள்ளுக்குப் பின்னால் இன்னொரு முள் மாட்டுங்கள். அதன் கண்ணை முதல் முள்ளின்மேல் கோர்த்து, கழன்றுவிடாமல் சிறு ரப்பர் வளையம் ஒன்று போடுங்கள். பாவாடை முள் வளைவைத் தாண்டி நீண்டிருந்தால் கத்தரியுங்கள்.

கேள்வி: பெட்டியைத் திறந்தால் ரப்பர் புழுக்கள் ஒட்டி, கெட்டி லூரின் பெயின்ட் கொழகொழவென்று ஆகியிருக்கிறது.

பதில்: ரப்பரை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். ரப்பர் புழுக்களை வாங்கிய பையிலேயே, நிறவாரியாக வையுங்கள். அதிகம் இழுபடும் ரகப் புழுக்களைச் சாதாரண ரகத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து கஞ்சியாகிவிடும்.

கேள்வி: சென்ற மாதம் அள்ளிக்கொடுத்த லூர் இப்போது அதே ஏரியில் வெறும் கையோடு அனுப்புகிறது. மீன் பழகிவிட்டதா? சில மீன்கள் பின்னாலேயே படகுவரை வந்து திரும்பிவிடுகின்றன.

பதில்: பழகும். ஒரு முறை குத்துப்பட்ட பாஸ் அதே லூரை ஒதுக்கக் கற்றுக்கொள்ளும். பிறவிக் குணமும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ரிட்ஜ் ஏரி பாஸ்களிலிருந்து தொடங்கிய நீண்ட ஆய்வு ஒன்றில், தூண்டிலில் எளிதில் மாட்டியவற்றையும் மாட்டாதவற்றையும் தனித்தனியே சில தலைமுறைகள் இனப்பெருக்கம் செய்து பார்த்தார்கள். மாட்டும் குணம் ஓரளவு மரபுவழி வருவது 2009இல் வெளியான முடிவில் தெரிந்தது. மாட்டியதை எல்லாரும் எடுத்துச்சென்றுவிடும் ஏரியில் எஞ்சுபவை எப்படிப்பட்டவை என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே மணி குலுங்கும் லூரை எல்லாரும் வீசும் ஏரியென்றால், சத்தமில்லாத, சற்றுச் சிறிய லூரை எடுங்கள்.

ஆனால் ஒரு மாதத்தில் மீனின் மனம் மட்டும் மாறியிருக்காது, தண்ணீரும் மாறியிருக்கும். பாஸ் குளிர் இரத்த மீன். நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகி, துரத்தும் விருப்பமே போய்விடும். ஒரு சின்ன வெப்பமானியை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பது புதிய லூரைவிட உபயோகம்.

பின்தொடர்ந்து வரும் மீனுக்கு நிறுத்தம்தான் மருந்து. ஜெர்க்பெய்டை (வெட்டி வெட்டி இழுக்கும் மீன் வடிவ லூர்) இரண்டு முறை வெட்டி இழுத்து நிறுத்துங்கள்: இளஞ்சூட்டு நீரில் 2 வினாடி, குளிர்ந்த நீரில் 10 வினாடியும் அதற்கு மேலும். நிறுத்தும்போது நரம்பில் சிறிது தொய்வு வேண்டும், இல்லாவிட்டால் லூர் உங்களை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். நிற்க வேண்டிய லூர் மெல்ல மேலே ஏறுகிறதா? குளிர்ந்த நீரின் அடர்த்தி கூடுதல் என்பதால் இது நடக்கும். முன் மும்முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அன்றைய தண்ணீரிலேயே கரையோரம் போட்டுப் பாருங்கள். மூக்கு சற்றே தாழ்ந்து, ஏறாமலும் இறங்காமலும் நின்றால் அளவு சரி. மூழ்கினால் கால் சுற்று வெட்டி எடுங்கள்.